லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய நாட்கள்

என் லைசென்ஸை வாங்கிக்கொண்ட எஸ்.ஐ. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே பயம் வந்திருக்கும். "அறுபதுக்கு மேல போகக் கூடாத ரோடு இது. நீங்க எழுபத்தெட்டுல வந்திருக்கீங்க. வண்டி நிறைய பொம்பளப் புள்ளைங்க வேற" என்று சொல்லி, கையிலிருந்த மெஷினில் படத்தைக் காட்டினார். வேனின் முகமும் கண்ணாடிக்குப் பின்னால் என் முகமும் தெளிவாக விழுந்திருந்தன. படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ரசீதைக் கொடுத்தார். லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து நோட்டீஸ் வரும், அதுவரைக்கும் இந்த ரசீதைக் காட்டி ஓட்டலாம் என்றார். சரிங்க சார் என்றேன். வண்டியில் ஏறும்போது கூட மணியைத்தான் பார்த்தேன். இரண்டு பத்து. இரண்டரைக்கு ஷிப்டு.

ஸ்ரீபெரும்புதூரில் நான்கு ஹாஸ்டல்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். அதுதான் என் வேலை. பதினெட்டுப் பேர். வண்டி என்னுடையது இல்லை. கம்பெனிகளுக்கு வேன் விடுகிற ஒரு உள்ளூர்க்காரருடையது. நான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து பதிமூன்று வருஷமாக இந்த ரோட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோடு இரண்டு வழியாக இருந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு ஹாஸ்டலில் தண்ணீர் வராது, ஒருத்திக்கு ஐடி கார்டு கிடைக்காது, இன்னொருத்தி போனில் அம்மாவோடு அழுதுகொண்டிருப்பாள். கிளம்புவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். கேட்டில் ஒரு நிமிஷம் லேட்டானாலும் அரை நாள் லீவு போட்டுவிடுவார்கள். "அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்பார்கள். மிதிப்பேன். ஒருநாள்கூட என் வண்டிப் பெண்கள் லேட்டானதில்லை. நான் வேகமாகப் போனது அவர்களுக்காக என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மற்ற வேன்களைத் தாண்டிப் போகும்போது பின்னால் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் வந்தது. அதில்தான் தெரிந்தது, இது மூன்றாவது தடவை என்று. முதல் இரண்டும் கேமராவில் பிடித்தவை. வண்டி ஓனர் பேரில் இருப்பதால் மெசேஜ் அவர் போனுக்குப் போயிருக்கிறது. அவர் கட்டிவிட்டு என்னிடம் சொல்லவே இல்லை. 'உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக் கூடாது என்பதற்கு நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவும்' என்று இருந்தது. வாசலில் நின்றபடியே அதை நாலைந்து தடவை படித்தேன். என் மனைவி வேறொரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். அன்று அவளுக்குக் காலை ஷிப்டு, வீட்டில் இல்லை. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தாள். சொல்லவில்லை.

விசாரணை நாளில் அந்த அலுவலகத்தின் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு வைத்து, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"உங்களுக்கு என்ன?" என்று கேட்டார்.

"ஸ்பீடு."

"அவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நான் கேட்காமலே, "எனக்கு ஒரு அம்மா. கீரைக்கட்டோட ரோட்டைத் தாண்டினாங்க" என்றார். கூப்பிட்டபோது அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"ஷிப்டுக்கு லேட்டாயிடும் மேடம். லேட்டானா அந்தப் புள்ளைங்களுக்கு அரை நாள் போயிடும்."

"கவுந்திருந்தா?"

வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பதிமூன்று வருஷத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, குடிப்பதில்லை, போன் பேசிக்கொண்டு ஓட்டியதில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு, "இந்த ஒரு தடவை விட்டுடுங்க மேடம், எனக்கு வேற தொழில் தெரியாது" என்றேன். கைகூப்பினேன்.

அவர் எழுதிக்கொண்டே பேசினார். "மூணாவது தடவைங்க. மூணு மாசம் சஸ்பெண்ட். ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு வரணும். இந்த மூணு மாசத்துல எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. டூ வீலர்கூட. ஓட்டிப் பிடிபட்டா கேஸ், கோர்ட்டுனு போகும். புரியுதா?"

புரிந்தது. உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே என் பைக் நின்றிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டே ஒரு கிலோமீட்டர் நடந்தேன். பிறகு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏறி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதத் தடையை ஒரு மணி நேரம்கூட நான் மதிக்கவில்லை.

வேனை ஓட்ட ஓனர் வேறு ஒருவரை அனுப்பினார். நான் வேலை தேடினேன். பதிமூன்று வருஷமாக எத்தனையோ கம்பெனி கேட்டுகளில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், எல்லா செக்யூரிட்டியும் எனக்கு வணக்கம் சொல்வார்கள். இப்போது அதே கேட்டுகளில் போய் நின்றேன். பாகங்களைப் பொருத்தும் லைனில் முப்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. எனக்கு நாற்பத்திரண்டு. குடோனில் மூட்டை ஏற்றக் கூப்பிட்டார்கள். இரண்டாவது நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. செக்யூரிட்டி வேலைக்கு உயரம் போதவில்லை. ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பெண், "வேற என்ன தெரியும் சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

மனைவியிடம், வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு நாள் அந்தப் பொய்யே ஓடியது.

பதின்மூன்றாம் நாள் ஓனர் போன் செய்தார். "இன்னா தலைவா, வூட்டுல குந்திக்கினு இன்னா பண்ற? புது டிரைவரை அந்தப் பொண்ணுங்களுக்குப் புடிக்கல. கம்பெனியில கம்ப்ளைண்ட் கீது. நீ வரியா, இல்ல ரூட்டை அவனுக்கே எழுதிக் குடுத்துடட்டுமா?"

"லைசென்ஸ் இல்லண்ணே."

"உன்னை யார்யா கேக்கப் போறாங்க? பழைய ரசீதை வெச்சுக்கோ. மெதுவாப் போ. அவ்ளோதான்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "எத்தனை மணிக்குண்ணே?" என்றுதான் வந்தது.

வண்டி ஓட்டுவது அதுவரை எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்றிலிருந்து அது மாறிவிட்டது. தூரத்தில் காக்கி நிறம் தெரிந்தால் கியரைக் குறைத்துவிடுவேன். ரோட்டோரம் பெயின்ட் அடித்த டிரம்மைக்கூட போலீஸ் தடுப்பு என்று நினைத்து பிரேக்கை மிதித்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டவே மாட்டேன். டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும். அரை மணி நேரம் முன்னதாகவே ஹாஸ்டல் வாசலில் போய் நின்று எல்லோரையும் விரட்டி ஏற்றினேன்.

முன் சீட்டில் எப்போதும் உட்காரும் ஒரு பெண் உண்டு. தென்காசிக்காரி, லைன் லீடர், வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணாச்சி, பின்னால முட்டை ஏத்தியிருக்கீயளா? இப்படி உருட்டிக்கிட்டு வாரீய" என்பாள். பின்னால் சிரிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அவள் கேலியை நிறுத்திவிட்டாள். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இறங்கும்போது மெதுவாக, "எதும் பிரச்சனையா அண்ணாச்சி?" என்றாள். இல்லம்மா என்றேன்.

ராத்திரியில் தூக்கம் போய்விட்டது. மனைவி என்னவென்று கேட்டால் எரிந்து விழுந்தேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் சாப்பிட்டோம்.

இப்படி இருபது நாள் ஓட்டினேன். இருபதாம் நாள் மதியம், தொழிற்பேட்டைக்குள் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு டிரெய்லர் ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பைக் எதிர்த்திசையில் வந்தது. நான் முப்பதில்கூட இல்லை. பிரேக்கை அழுத்திவிட்டேன், வண்டி நின்றும்விட்டது. நின்ற வண்டியின் இடது மூலையில்தான் அவன் வந்து மோதினான். பைக் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போய் விழுந்தான். நீல யூனிஃபார்ம், ஹெல்மெட். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

வண்டிக்குள் எல்லோரும் கத்தினார்கள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். அவனை நோக்கி இரண்டு அடி வைத்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டே அடி. அதற்குள் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ, "போலீசுக்குப் போன் போடு" என்றார்கள்.

நான் ஓடிவிட்டேன்.

வேலி போட்டு, விலை பேசி, யாரும் எதுவும் கட்டாமல் கிடக்கும் ஒரு மனை அங்கே இருக்கிறது. முழுக்கக் கருவேலம். முள் கிழிக்க அதற்குள் ஓடி, பின்னாலிருந்த கம்பெனிச் சுவரின் நிழலில் போய் விழுந்தேன். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம். மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். அவன் செத்திருப்பான் என்று நினைத்தேன். பதினெட்டுப் பெண்களை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை. அந்த வேலியைத் தாண்டி பஸ் பிடித்து ஊருக்கே போய்விடலாமா என்று யோசித்தேன். அதைவிட மோசமாகவும் ஒன்றை யோசித்தேன். ரோட்டில் டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, எதன் முன்னாலாவது போய் நின்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன் அடித்தது. ஓனர்.

"எங்கயா கீற? நல்லா கேட்டுக்கோ. வண்டியை நீ ஓட்டல. அந்தப் புது டிரைவர் ஓட்டினான். அவன்கிட்ட லைசென்ஸ் கீது, அவன் வந்து ஒத்துக்குவான். நீ போனை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நாள் எங்கயாவது போயிடு. பொண்ணுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தேன் என்றுதான் இருந்தது. சரிண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை அணைக்கப் போனபோது மறுபடி அடித்தது. தென்காசிக்காரி.

"அண்ணாச்சி, எங்க இருக்கீய?"

எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அந்தாளுக்கு உசுரு இருக்கு. கால்தான். ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்குது."

"போலீஸ் வந்திருக்கு. யாரு ஓட்டுனதுன்னு கேக்காவ. ஓனர் எனக்குப் போன் போட்டு வேற ஆளு பேரைச் சொல்லச் சொல்லுதாரு. பதினெட்டு பேரும் ஒண்ணுபோல சொல்லணுமாம். ரெண்டு பேரு பயந்துபோய் அழுதுகிட்டு இருக்காளுவ. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, அதையே சொல்லுதேன்."

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் நான் போனை வைத்திருப்பேன். நான் எதைச் சொன்னாலும் அதைச் செய்கிறேன் என்றுதான் கேட்டாள். மாதச் சம்பளத்துக்காக ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலில் கிடக்கிற பெண்கள், போலீசிடம் எனக்காகப் பொய் சொல்லி, நாளைக்கு கோர்ட்டிலும் போய் அதே பொய்யைச் சொல்ல வேண்டும்.

"எதுவும் சொல்லாதம்மா. நான் வரேன்" என்றேன்.

முள்ளுக்குள் திரும்பி நடந்தபோதுதான் கால் கிழிந்திருந்தது வலித்தது. ரோட்டுக்கு வந்தேன். பெண்கள் புங்கமரத்து நிழலில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஷிப்டு போய்விட்டது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேனைச் சுற்றி அளந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம் போய், "நான்தான் சார் ஓட்டினேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. சஸ்பெண்ட் ஆகியிருக்கு" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். ஒரு காலில்தான் செருப்பு. "ஓடிட்டியா?"

"ஓடினேன் சார்."

"அப்புறம் ஏன் வந்தே?"

மரத்தடியில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். "சரி, ஏறு" என்று ஜீப்பைக் காட்டினார்.

ஸ்டேஷனுக்கு மனைவி கேன்டீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தாள். எல்லாவற்றையும் அங்கே கேஸ் எழுதும் ரைட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். நோட்டீஸ், விசாரணை, மூன்று மாதம், ஒர்க்‌ஷாப் பொய். என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் என்ன, வெளியாளா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு எழுந்துபோய், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் தேடினாள். அவளோடு கேன்டீனில் வேலை பார்க்கும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை.

ஓனர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டிய வண்டி என்பதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் அவரையே பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். என்னைச் சபித்ததாகக் கேள்விப்பட்டேன். சபிக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். அடிபட்டவன் விழுப்புரம் பக்கம். காலில் ராடு வைத்து, தொங்கவிட்டுப் படுத்திருந்தான். நான் யார் என்று சொன்னதும் உற்றுப் பார்த்தான்.

"நான்தான்ணே ராங் சைடுல வந்தேன். போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். எனக்கும் ஷிப்டுக்கு லேட்டு" என்றான். பிறகு, "நீங்க எறங்கி வந்ததைப் பார்த்தேன். பக்கத்துல வருவீங்கன்னு நெனச்சேன். எதுக்குண்ணே ஓடுனீங்க?" என்று கேட்டான்.

வாங்கிப்போன ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு அழுதேன். அவன் என்னைச் சமாதானப்படுத்தினான். அது இன்னும் அவமானமாக இருந்தது.

அவன் சொன்னதாலும், டீக்கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததாலும், மோதல் என் தவறில்லை என்று முடிந்தது. தடை இருக்கும்போது ஓட்டியதும், அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடியதும் கோர்ட்டுக்கு வந்தன. வக்கீல் வாய்தா வாங்கலாம் என்றார். வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன் என்றேன். மாஜிஸ்ட்ரேட் என்னைவிட வயதில் சின்னவர். அபராதம் விதித்தார். இன்னும் ஒரு வருஷம் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்றார். அன்று கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றும் தண்டனை.

காலை பதினொன்றேகாலிலிருந்து சாயங்காலம்வரை கோர்ட்டின் பின் மூலையில் இருந்தேன். முதலில் ஒரு ஓரமாக நின்றேன், பிறகு ஒரு கான்ஸ்டபிள் உட்காரச் சொன்னார். செக் கேஸ், குடும்பச் சண்டை, பொது இடத்தில் குடித்தது என்று ஒவ்வொன்றாக வந்து போயின. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோன பிறகு, காலியான அந்த ஹாலில் நானும் கான்ஸ்டபிளும் மட்டும் இருந்தோம். மனைவி ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் அன்று லீவு போட்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு டிரெய்லர் பார்க்கிங் யார்டில் வேலை பார்க்கிறேன். பின்னால் எடுக்கும் லாரிகளுக்கு விசில் ஊதி, கைகாட்டி வழிசொல்லும் வேலை. மனைவி மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறாள், ஆனால் நான் சொல்வதை இப்போதெல்லாம் இரண்டாவது தடவை கேட்டு உறுதிசெய்துகொள்கிறாள். தடை முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. முடிந்தபின் போய் லைசென்ஸைத் திரும்ப வாங்குவேனா என்று தெரியவில்லை. சில நாள் வாங்குவேன் என்று இருக்கிறது. சில நாள் ஸ்டியரிங்கையே தொட வேண்டாம் என்று இருக்கிறது.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து, அடிபட்ட அந்தப் பையன் போன் செய்தான். மூன்று மாதம் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனியில் அவனுடைய கான்ட்ராக்டை அப்போதே முடித்துவிட்டார்களாம். "கால் முழுசா மடங்காதுண்ணே. ஆனா நிப்பேன். நீங்க இருக்குற யார்டுல எதுனா இருக்குமா?" என்று கேட்டான். சூப்பர்வைசரிடம் கேட்டேன். கால் சரியில்லாத ஆளை லாரிக்குப் பின்னால் எப்படி நிறுத்துவது என்றார். அவர் சொல்வதும் சரிதான். உள்ளே ஆபீசில் வண்டி நம்பர் எழுதும் வேலை ஒன்று காலியாகும் போலிருக்கிறது. நாளைக்கு அதைக் கேட்க வேண்டும்.